ஹாக்கர் 800எக்ஸ்பி: ஏறினவங்க, ஏத்தினவங்க, பழுது பார்த்தவங்க சொல்லுங்க

பழைய ஸ்பேனர்:

பிசினஸ் ஜெட் என்றதும் நம்ம ஆட்கள் தங்கக் குழாய், ஷாம்பெயின் என்று கற்பனைக்குப் போய்விடுகிறார்கள். சிங்கப்பூர் செலத்தாரில் ஒரு ஹேங்கரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் கையில் அதிகம் புரண்டது ஹாக்கர் 800எக்ஸ்பி. நடுத்தர ஜெட். அதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு வாய் வராது, வண்டிமாடு மாதிரி உழைக்கும் ஜென்மம் அது.

1962 ஆகஸ்டில் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் 125 என்ற பெயரில் முதலில் பறந்தது. அப்புறம் ஹாக்கர் சிட்லி, பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், ரேதியான், ஹாக்கர் பீச்கிராஃப்ட் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. 2012-ல் கடைசிக் கம்பெனி திவால் மனு போட்டதோடு உற்பத்திக்கும் மூடுவிழா. அடிப்படை உடம்பு மட்டும் ஐம்பது வருஷமாக அதேதான்.

இறக்கை உடம்பின் அடிவயிற்றுக்குக் கீழே ஓடும். அதனால் கேபின் தரை சமம், நடுவில் பள்ளம் கிடையாது. உயரம் 1.75 மீட்டர். நான் அதற்கு ஓர் அங்குலம் கூட, ஆகவே பதினோரு வருஷமும் கூரைக்கு என் தலை பரிச்சயம்.

இதில் எனக்குப் பிடித்தது டிகேஎஸ். இறக்கையின் முன்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்ட உலோகத் தகடு இருக்கும். பனி ஒட்டாமல் இருக்க, கிளைகால் கலந்த திரவம் அதன் வழியாகக் கசியும். தொட்டால் விமானத்துக்கு வியர்த்திருப்பது போல இருக்கும். செலத்தார் வெயிலில் எதற்குப் பனித் திரவம் என்று புதுப் பையன்கள் சிரிப்பார்கள். கீழே 33 டிகிரி கொதித்தாலும் மேகத்துக்குள் 20,000 அடியில் எல்லாம் உறைகிற குளிர்தானே. அதோடு அவ்வப்போது ஓட்டி ஈரமாக வைக்காவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். ஓட்டினாலோ தரையெல்லாம் வழுக்கல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் மல்லாக்க விழுந்தேன். தாங்கிப் பிடித்த மலாய்க்கார ஃபோர்மேனும் சேர்ந்து விழுந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு தூரம் போகும்? புத்தகத்தில் சுமார் 2,500 கடல் மைல், அதாவது 4,600 கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் கண்ணால் பார்த்த தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் மாமா:

தூரத்தை விடுங்க, பெட்டியைப் பத்தி யாராவது பேசுங்க. சென்னையில தரைப்பணி பார்த்தேன். சிங்கப்பூர் கல்யாணத்துக்கு ஒரு குடும்பம், ஏழு பேர், பத்தொன்பது பெட்டி. இந்த ஹாக்கருக்கு வெளியில சாமான் அறை கிடையாது. கதவுக்குப் பக்கத்துல முன்னாடி ஒரு அலமாரி மாதிரி, அவ்வளவுதான். பட்டுப்புடவைப் பெட்டியை நிமிர்த்தி வெச்சோம், படுக்க வெச்சோம், கழிவறைக்குள்ள ரெண்டு வெக்கலாமான்னு அந்தப் பெரியம்மாவே கேட்டாங்க. கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டுட்டார்.

எடை வேற இருக்கு. டேங்க் நிறைய ஊத்தினா நாலரை டன் எண்ணெய். அதுக்கு மேல ஆளும் பெட்டியும் சேர்த்து ஏறக்குறைய முக்கால் டன்தான் தாங்கும். சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர்தான், முழு டேங்க் தேவையில்ல. அன்னிக்கு இடிச்சது எடை இல்ல, இடம். கடைசியில ஆறு பெட்டியைத் தனியா பயணிகள் விமானத்துல அனுப்ப முடிவாச்சு. எந்த ஆறுங்கறதுல முக்கால் மணி நேரம் பஞ்சாயத்து.

ஐசியு அக்கா:

ஸ்பேனர் அண்ணே, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. நான் நர்ஸ், ஏர் ஆம்புலன்ஸ் வேலை. துபாயில கட்டட வேலை பார்த்த ஒரு தம்பியை சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம். சாரத்துல இருந்து விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு, உள்ள மூளைக்குப் பக்கத்துல காத்து சிக்கியிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சது.

கதவு முன்பக்கம் இடது கைப்பக்கம், குறுகல். ஸ்ட்ரெச்சரைச் சாய்ச்சு, திருப்பி, வென்டிலேட்டர் குழாய் இழுபடாம உள்ள கொண்டுபோறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.

வழக்கமா 41,000 அடியில பறந்தா கேபினுக்குள்ள காத்தழுத்தம் சுமார் 7,500 அடி மலையில இருக்கற மாதிரி. நம்ம ஊட்டின்னு வெச்சுக்கோங்க. ஊட்டிக்கு பஸ்ல போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்பும் பாருங்க, அதே கதைதான். சிக்கின காத்து 30 சதவீதம் வரை விரியும். பாக்கெட் உப்பலாம், மண்டை ஓடு எங்க போகும்? அதனால தரைமட்ட அழுத்தமே வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். கேப்டன் சொன்னார், "வெச்சுத் தர்றேன், ஆனா 22,000 அடிக்கு மேல போக மாட்டேன். கீழ பறந்தா எண்ணெய் குடிக்கும், மும்பையில இறங்கித்தான் ஆகணும்."

துபாய்ல இருந்து சென்னை 2,900 கிலோமீட்டர்தான். மாமா சொன்ன அதே தூரம்! அந்தக் கல்யாணக் குடும்பம் நிக்காம போன தூரத்தை நாங்க நின்னு நின்னு வந்தோம். மும்பையில ஒரு மணி நேரம். வால்பக்கம் இருக்கற ஏபியு, அதாவது தரையில நிக்கறப்ப கரன்ட் தர்ற குட்டி என்ஜின், ஓடினதால குளிரும் கரன்ட்டும் நிக்கல. இல்லேன்னா அந்த மே மாசப் புழுக்கத்துல என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைக்கப் பிடிக்கல. தம்பி மூணு வாரத்துல எழுந்து உட்கார்ந்தான்னு அவங்க அம்மா போன் பண்ணாங்க.

டெட்டர்பரோ டெஸ்க்:

அக்கா சொன்னது உயரத்தின் விளையாட்டு. நான் பார்த்தது காற்றின் விளையாட்டு. நியூ ஜெர்சி டெட்டர்பரோ விமான நிலையம் பக்கம் ஒரு சார்ட்டர் கம்பெனியில் பறப்புத் திட்டம் போடும் வேலை. அங்கே 1,00,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு அனுமதி இல்லை. ஹாக்கருக்கு உச்ச எடையே 28,000 பவுண்டுதான், அதனால் ராஜாவாக வந்து போகும்.

கலிபோர்னியா வேன் நைஸிலிருந்து டெட்டர்பரோ ஏறத்தாழ 2,130 கடல் மைல். கிழக்கே வரும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், ஐந்து மணி நேரத்துக்குள் வந்து நிற்கும். அதே விமானம் ஜனவரியில் மேற்கே போகும்போது மணிக்கு 100 கடல் மைலுக்கு மேல் எதிர்காற்று இருந்தால், வரைபடத்தில் அதே கோடு, கணக்கில் வேறு ஊர். மாற்று விமான நிலையத்துக்கும் கையிருப்புக்கும் எண்ணெய் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உதைக்கும்.

ஒரு தடவை புரோக்கர் ஒருவர் சிற்றேட்டை மட்டும் படித்துவிட்டு, நிற்காமல் போகும் என்று வாடிக்கையாளருக்குச் சத்தியம் செய்துவிட்டார். நான் திட்டம் போட்டதில் கன்சாஸ் விச்சிட்டாவில் இறங்க வேண்டியிருந்தது. அவர் கத்தின கத்தலை நான்தான் போனில் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரே ஆறுதல், ரேதியான் காலத்தில் இந்த விமானத்தைப் பூட்டி முடித்த ஊரே விச்சிட்டாதான். தாய்வீட்டில் தண்ணி குடித்துவிட்டுப் போனது என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்களிடம் செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட் இருக்கிறது. கேபினில் ஆறடி உயரம், ஸ்பேனர் அண்ணன் நிமிர்ந்து நடக்கலாம். 45,000 அடியில் பறந்தாலும் உள்ளே 6,000 அடிக்குக் கீழ்தான், பயணிகள் களைப்பில்லாமல் இறங்குகிறார்கள். அதன் தூரம் 2,700 கடல் மைல் என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் நான்கு பயணிகள், நீள்தூர வேகம் என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வாசிக்க மட்டும் வந்தவன்:

ஒரு துணுக்கு. 1988 ஆகஸ்டில் போட்ஸ்வானா அதிபர் க்வெட் மசிரே போன 125-ஐ அங்கோலா வானில் மிக் போர்விமானம் ஏவுகணையால் அடித்தது. ஒரு என்ஜின் அப்படியே பிய்ந்து விழுந்தும் விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள்.

பழைய ஸ்பேனர்:

அதை எங்க ஃபோர்மேன் வாரத்துக்கொரு தரம் சொல்வார். என்ஜின் மாற்றக் கூடுதல் ஆள் கேட்டால் உடனே, "அங்கே ஒண்ணு இல்லாமலே பறந்தது" என்று வாயை அடைத்துவிடுவார்.

அக்கா, உங்கள் கதையைப் படித்தபின் ஒன்று உறைத்தது. ஆம்புலன்ஸ் ஹாக்கர் வந்தால் கேபின் கசிவுச் சோதனைக்கு மட்டும் மேலிடத்தில் விடாப்பிடியாக நிற்பார்கள். ஒரு கதவு ரப்பருக்கு இவ்வளவு அலட்டலா என்று முணுமுணுத்திருக்கிறேன். காரணம் இன்றைக்குத்தான் தெரிகிறது.

மாமா, அந்த ஆறு பெட்டி என்ன ஆச்சு?

மீனம்பாக்கம் மாமா:

பஞ்சாயத்து முடிஞ்சு ஹாக்கர் கிளம்பறதுக்குள்ள அந்தப் பயணிகள் விமானம் மேல ஏறிப் போயிடுச்சு. பெட்டிங்கதான் முதல்ல சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துச்சு.