புதுப்பிப்பு: லேக் மீட் படகுப் பயணம் நல்லபடியா முடிஞ்சது

செப்டம்பர்ல வர்ற அமெரிக்கத் தொழிலாளர் தின (லேபர் டே) விடுமுறைக்கு லாஸ் வேகாஸ் மகன் வீட்டிலிருந்து லேக் மீட் ஏரிக்குப் போறோம், நீச்சல் தெரியாத எங்க வீட்டு ஆச்சியைப் படகில் ஏத்தலாமான்னு கேட்டிருந்தேன். "ஏத்துங்க, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற விடாதீங்க, காலையிலேயே முடிச்சிருங்க"ன்னு சொன்ன எல்லாருக்கும் நன்றி. காரைக்குடி வந்து சேர்ந்தாச்சு.

விடியக்காலையில் கிளம்பினது ரொம்ப நல்லதாப் போச்சு. மதியம் காத்து ஏறி அலை எழும்புறதுக்குள்ள கரைக்கு வந்துட்டோம். 13 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஜாக்கெட் சட்டப்படியே கட்டாயம். பேரன் சமத்தாப் போட்டுக்கிட்டான்.

என்னை உலுக்கினது பாறைகள்ல இருக்கிற வெள்ளைப் பட்டை. கொலராடோ ஆற்றை ஹூவர் அணை மறிச்சு உண்டான ஏரி இது. முன்னாடி தண்ணி நின்ன உயரம் வரைக்கும் சுண்ணாம்பு படிஞ்சு தெரியுது. 1937-ல் ஏரி நிரம்பிக்கிட்டிருந்தப்ப இருந்த மட்டத்துக்கு 2022 ஜூலையில் இறங்கியிருக்கு. ஊருணிப் படிக்கட்டுல தண்ணித் தடம் பார்த்தே வளர்ந்த நமக்கு அதைப் பார்த்தா வயித்தைப் பிசையும். ஆச்சி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தாக.

சொந்தப் படகு கொண்டுபோறவங்களுக்கு ஒண்ணு: படகுல ஒட்டிக்கிட்டு வேற ஏரிகளுக்கும் பரவுற குவாகா சிப்பிங்கிற சின்னச் சிப்பி 2007-லிருந்து அங்கே இருக்கு. அதனால ஏரியை விட்டுக் கிளம்பறப்ப படகைக் கழுவி, தண்ணியை வடிச்சு, நல்லாக் காய வச்சுட்டுத்தான் வேற நீர்நிலையில் இறக்கணும்.