சர்வே லிங்க் போனதும் சைட் படுத்துருச்சு, அவசர உதவி தேவை

அரைத்தூக்கம் | இரவு 9.12
வணக்கம். எங்க சர்வே 40,000 பேருக்குப் போகணும். காலையில மெயில் தட்டி விட்டோம், பத்தே நிமிஷத்துல சைட் படுத்துருச்சு. எல்லாருக்கும் 502 பிழை (பின்னால இருக்கிற சர்வர் சரியா பதில் தரலைங்கிற செய்தி). ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு நிமிஷம் ஓடுது, மறுபடி அதே கதை. பெரிய சர்வர் வாங்கினா சரியாயிடுமா? நாளைக்கு மேலிடத்துக்குப் பதில் சொல்லணும், ப்ளீஸ்.

கேபிள்பாய் | 9.20
என்ன மென்பொருள்? எத்தனை ரேம்? டேட்டாபேஸ் தனி மெஷினா, அதே மெஷினா? மெயில் மொத்தமும் ஒரே மூச்சுல போச்சா?

தறி | 9.24
கூகுள் ஃபார்ம்ல போட்டிருந்தா இந்த வம்பே இல்லை.

வேர்முடிச்சு | 9.31
"டாக்டர், வலிக்குது, மாத்திரை கொடுங்க"ன்னு வந்து நிக்கிறாங்க. எங்க வலின்னு கேட்டாத்தான் வாயே திறக்கிறாங்க. கேள்வி கேட்பது எப்படின்னு நான் ஒரு இழை போட்டு மேலே ஒட்டி வச்சிருக்கேன். ஒருத்தரும் படிக்கிறதில்லை.

அரைத்தூக்கம் | 9.40
மன்னிக்கணும். லைம்சர்வே, சொந்த சர்வர்ல நிறுவி ஓட்டுற சர்வே மென்பொருள். உபுண்டு, 8 கோர், 16 ஜிபி ரேம். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி, மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) எல்லாம் ஒரே மெஷின். மெயில் ஒரே மூச்சுலதான் போச்சு. ஆச்சரியம் என்னன்னா, படுத்த நேரத்துல சிபியு 10 சதவீதம்கூட இல்லை.

கேபிள்பாய் | 9.47
அப்ப மெஷின் சும்மாதான் இருந்திருக்கு, வாசல்லதான் நெரிசல். பக்கம் தயார் பண்ற பிஎச்பி-எஃப்பிஎம்மோட பதிவுக் கோப்பைப் பாருங்க. மேக்ஸ் சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்துல ஓடுற பிஎச்பி வேலையாட்களோட உச்சவரம்பு, எட்டிடுச்சுன்னு ஏதாவது வரி இருக்கா?

அரைத்தூக்கம் | 9.52
வரிசையா இருக்கு அண்ணா. 5-ன்னு போட்டிருக்கு.

கேபிள்பாய் | 10.05
அது நிறுவும்போதே வர்ற எண், நீங்க தொடவே இல்லை. ஒரு நேரத்துல அஞ்சு பேருக்குத்தான் பக்கம் தயாராகும், மத்தவங்க வரிசை. வரிசையும் நிரம்பினா 502.

கணக்கு போட்டுப் பாருங்க. 40,000 பேர்ல பத்துல ஒருத்தர் முதல் பத்து நிமிஷத்துல சொடுக்கினாலே 4,000 பேர், விநாடிக்கு ஏழு பேர் புதுசா வர்றாங்க. ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம்னா விநாடிக்கு 80 பக்கம். இதை அஞ்சு பிஎச்பி வேலையாளே சமாளிக்கணும்.

அந்த 5-ஐ 60 ஆக்குங்க. ஒவ்வொண்ணும் 80 எம்பி ரேம் தின்னாலும் 5 ஜிபிக்குள்ள அடங்கும். ஆசைப்பட்டு 300 போட்டுடாதீங்க. மைஎஸ்கியூஎல் இணைப்பு வரம்பு இயல்பா 151, அடுத்து அங்க போய் முட்டுவீங்க.

அரைத்தூக்கம் | 10.50
60 ஆக்கி 500 பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தேன். 502 போச்சு. ஆனா "அடுத்து" அழுத்தினா 20 விநாடி சுத்துது. சிபியு இன்னும் சும்மாதான் இருக்கு.

தறி | 10.54
நான் முதல்லயே சொன்னேன்.

இண்டெக்ஸ் | 11.02
சுத்தும்போதே மைஎஸ்கியூஎல்ல ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் (இப்ப ஓடுற வேலைகளைக் காட்டுற கட்டளை) அடிச்சுப் பாருங்க. "வெயிட்டிங் ஃபார் டேபிள் லெவல் லாக்"னு வரிசை கட்டி நின்னா, டேபிள் பூட்டுக்காகக் காத்திருக்குன்னு அர்த்தம்; உங்க பதில் டேபிள் மைஐஸாம்ங்கிற சேமிப்பு முறையில இருக்கு.

அரைத்தூக்கம் | 11.06
ஆமா!! நாப்பது வரி அதேதான்.

இண்டெக்ஸ் | 11.15
லைம்சர்வே ஒரு சர்வேக்கு ஒரே பதில் டேபிள் வைக்கும். முதல் பக்கத்துல ஒரு வரி சேரும், அப்புறம் ஒவ்வொரு "அடுத்து"க்கும் அதே வரி அப்டேட் ஆகும். மைஐஸாம்ல ஒரு அப்டேட்டுக்கு டேபிள் முழுக்கப் பூட்டு. ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும். இன்னோடிபிங்கிற இன்னொரு சேமிப்பு முறையில பூட்டு அந்த வரிக்கு மட்டும்தான்.

வேர்முடிச்சு | 11.19
இதைக் கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரமா? ஆல்டர் டேபிள் கட்டளையால இன்னோடிபிக்கு மாத்து, ஒரு வரி, முடிஞ்சது.

இண்டெக்ஸ் | 11.24
தம்பி, அவர் சொன்னார்னு அடிச்சுடாதீங்க. உங்க பதில் டேபிள்ல எத்தனை காலம் (நெடுக்கு வரிசை)? லைம்சர்வே பழைய கான்ஃபிக்ல மைஐஸாமை இயல்பா வச்சதே அதிகக் கேள்வி தாங்கும்னுதான். இன்னோடிபிக்கு 1,017 காலம்தான் உச்சம். செக்பாக்ஸ்ல ஒவ்வொரு தெரிவும் ஒரு காலம். 20 வரி 10 பத்தி மேட்ரிக்ஸ்ல ஒவ்வொரு கட்டத்துலயும் எண் கேட்டா, அது ஒண்ணே 200.

அரைத்தூக்கம் | 11.31
640.

இண்டெக்ஸ் | 11.33
தப்பிச்சீங்க. சர்வேயை நிறுத்திட்டு, பேக்கப் எடுத்துட்டு மாத்துங்க. இன்னோடிபி டேட்டாவை ரேம்ல வச்சுக்கிற பஃபர் பூலும் 128 எம்பியிலயே கிடக்கும், 4 ஜிபி கொடுங்க.

தறி | 11.40
இவ்வளவு பாடும் சொந்த சர்வர் மோகத்தால. கூகுள்காரன் படுத்துப் பார்த்திருக்கீங்களா?

கேபிள்பாய் | 11.44
640 பெருக்கல் 40,000 போட்டுப் பாருங்க. 2 கோடியே 56 லட்சம் செல். கூகுள் ஷீட் 1 கோடியோட நின்னுடும்.

தறி | 11.49
640 காலம் கேட்டது யார் தப்பு? ஆளைக் கேள்வி கேட்டே கொல்றதா? ஆஸ்திரேலியாவுல அரசாங்கமே 2016 ஆகஸ்ட் 9 ராத்திரி இணையத்துல சென்சஸ் எடுக்கப்போய் சுமார் 40 மணி நேரம் மூடி வச்சாங்க. கூட்டம் தாங்கலை.

வேர்முடிச்சு | 11.55
அரைகுறை. அது கூட்டத்தால இல்லை. சின்ன சேவை மறுப்புத் தாக்குதல் (வேணும்னே கோரிக்கைகளைக் குவிச்சு சைட்டை முடக்குறது). ரவுட்டர் ஒண்ணு ரீஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணினது. தெரியாததுக்கு அடிச்சு விடக் கூடாது.

தறி | 11.57
நாட்டுக்கே ஒரே ராத்திரியைக் குறிச்சுக் கொடுத்தது யாரு? அது கூட்டம் இல்லாம திருவிழாவா?

கேபிள்பாய் | 12.03
சென்சஸ் சண்டைக்குத் தனி இழை திறங்கப்பா. தம்பி, நாளைக்கு மெயிலை ஆயிரம் ஆயிரமா, அரை மணி இடைவெளி விட்டு அனுப்புங்க. காசில்லாம கிடைக்கிற பெரிய சர்வர் அதுதான்.

அரைத்தூக்கம் | மறுநாள் பகல் 3.26
மாத்திட்டேன், ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

இண்டெக்ஸ் | 3.40
பங்கேற்பாளர் டேபிளையும் (மெயில் போற ஆட்களோட பட்டியல்) மாத்தினீங்களா? பதில் வந்ததும் அதுலயும் அப்டேட் நடக்கும், அதுவும் மைஐஸாமாத்தான் இருக்கும்.

இண்டெக்ஸ் | இரவு 8.15
தம்பி?