ஃபிளமெங்கோ கிட்டார் வாசிக்கிறவர் காதுக்கு என்ன பாதுகாப்பு? (10-க்கு 12 கான்கிரீட் ரூம்)

கேட்டவர்: ஆறுகம்பி_நாகர்கோவில்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். மாடியில 10-க்கு 12 அடி ரூம். கான்கிரீட் தட்டு (மேல்கூரை), டைல்ஸ் தரை, ஒரே ஜன்னல். தினம் 2 மணி நேரம் தனியா ஃபிளமெங்கோ சாதகம், பாதி நேரம் ரஸ்கெயாடோதான் (விரல்களை விசிறி மாதிரி விரிச்சுக் கம்பிகளை அடிக்கிறது). சனிக்கிழமை சாயங்காலம் கூடுதலா ஒன்றரை மணி நேரம் கூட்டு வாசிப்பு: கஹோன் (உக்காந்து தட்டுற மரப்பெட்டி) ஒருத்தர், பால்மாஸ் (தாளக் கைத்தட்டு) தட்ட ரெண்டு பேர். ஐபோன்ல நியோஷ் (அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) ஆப் வச்சு காதுப் பக்கத்துல அளந்தா, தனியா வாசிக்கும்போது சராசரி 89 டெசிபல், கூட்டா வாசிக்கும்போது 95. சனி ராத்திரி காதுக்குள்ள "ஙொய்"னு ஒரு சத்தம், விடிஞ்சா போயிடுது. பஞ்சு போதுமா? ஃபோம் அடைப்பான் போட்டா கோல்பேயும் (கிட்டார் பலகையில விரலால தட்டுறது) நகத்தோட கூர்மையும் கேக்கவே மாட்டேங்குது.

டெசிபல்_தக்கலை

முதல்ல உங்க அளவைக் கணக்காக்கிப் பாப்போம். நியோஷ் கணக்குல 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. அப்படின்னா 89-க்குக் கிடைக்கிறது சுமார் 3 மணி 10 நிமிஷம். நீங்க 2 மணி நேரம் வாசிக்கிறீங்க, அதாவது நாள் அளவுல 63 சதவீதம். 95-க்குக் கிடைக்கிறது 48 நிமிஷம்தான். 90 நிமிஷம் இருந்தா அது மட்டுமே 189 சதவீதம். சனிக்கிழமை ரெண்டையும் கூட்டினா 250-ஐத் தாண்டுது. அந்த "ஙொய்" வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

விடிஞ்சா போயிடுதுங்கிறது நல்ல சேதி இல்ல. உள்காதுல உள்ள மயிர்ச் செல்கள் களைச்சுப் போய் திரும்ப எழும்புது, அவ்வளவுதான். செத்தது முளைக்காது.

ஆப் பத்தி ஒண்ணு. ஐபோன்ல அது காட்டுற சராசரியை நம்பலாம், 2 டெசிபல் முன்னப்பின்ன இருக்கும். நியோஷ் ஆப் ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது. கண்ட ஆப்பையும் இறக்கி, அது 70 காட்டுதுன்னு நிம்மதியா இருக்காதீங்க. கைத்தட்டு, கோல்பே மாதிரி வெடிச்சு அடங்குற சத்தத்தோட உச்சத்தைப் போன் மைக் அப்படியே வெட்டிரும். அதனால "உச்சம்"னு அது காட்டுற எண்ணை விட்டுருங்க.

ஃபிளமெங்கோவோட சொந்த ஊரான ஸ்பெயின்ல 2006-லயே இதுக்கு அரச ஆணை இருக்கு, எண் 286. நாள் சராசரி 80 தாண்டினா வேலை கொடுக்கிறவர் காதுக்காப்பு எடுத்து வைக்கணும். 85 தாண்டினா போட்டே ஆகணும். இசைக்காரங்களுக்கும் அதுதான்.

தும்புப்பாய்_குளச்சல்

அடைப்பான் வாங்குறதுக்கு முன்ன ரூமைப் பாருங்க. உங்க ரூம்ல சத்தத்தை உறிஞ்ச ஒண்ணுமே இல்ல. சுவர், தட்டு, தரை எல்லாம் சேர்த்து உறிஞ்சுறது ரெண்டரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்குத்தான் வரும் (திறந்த ஜன்னல் வழியாப் போன சத்தம் திரும்பாதுல்லா, அதான் கணக்கு). இப்படிப்பட்ட ரூம்ல ஒலித்துளையில இருந்து ஒரு சாண் தள்ளினாலே, கிட்டாரோட நேர்ச் சத்தத்தைவிடச் சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம்தான் அதிகம். உங்க காது ரெண்டு அடியாவது தள்ளி இருக்குல்லா? அப்ப நீங்க கேக்கிறது பெரும்பாலும் சுவரைத்தான்.

உறிஞ்சுறதை ரெண்டு மடங்காக்கினா திரும்புற சத்தம் 3 டெசிபல் குறையும். மூணு மடங்காக்கினா கிட்டத்தட்ட 5. அதுக்கு எட்டு சதுர மீட்டர், அதாவது 85 சதுர அடி கனமான பொருள் வேணும். நம்ம ஊர்ல தென்னந்தும்புக்கு (தேங்காய் நாருக்கு) பஞ்சமா? 2 அங்குலம் கனத்துல தும்புப் பலகை, இல்லேன்னா பழைய தும்பு மெத்தையை எடுத்து, சுவர்ல ஒட்ட வைக்காம 2 அங்குலம் இடைவெளி விட்டு மரச்சட்டத்துல நிறுத்துங்க. 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை 34 சென்டிமீட்டர், அதுல கால்வாசி எட்டரை. கனமும் இடைவெளியும் சேர்ந்து 10 சென்டிமீட்டர் வந்துட்டா, ரஸ்கெயாடோவோட குத்துற பகுதி முழுக்க அதுல மாட்டிக்கிடும். மெல்லிசுக் கம்பளம் மேல்சுரத்தை மட்டும் தின்னுட்டு மத்ததை விட்டுரும். முட்டை அட்டையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்க வைக்கணும்? நீங்க உக்காந்து பாக்கிற சுவர்ல ஒண்ணு (ஒலித்துளை அந்தப் பக்கம் பாத்துதான் இருக்கும்), முதுகுப் பக்கம் ஒண்ணு, மீதியைத் தலைக்கு மேலே கட்டித் தொங்க விடுங்க. மூலையில உக்காரவே உக்காராதீங்க. 89 வந்த இடத்துல 85 வந்தா அந்த 2 மணி நேரம் 63-ல இருந்து 25 சதவீதமா இறங்கிரும், காதுல ஒண்ணும் வைக்காமலே.

ரஸ்கெயாடோ விரல் பயிற்சிக்கு முழுச் சத்தம் தேவையே இல்ல. கிட்டார் பாலத்தை (கம்பி கட்டியிருக்கிற கட்டையை) ஒட்டிக் கம்பிக்கு அடியில ஒரு கைக்குட்டையை மடிச்சுச் செருகுங்க. சுரம் செத்துப் போகும், தாளம் சுத்தமாக் கேக்கும். விரல் சறுக்குறது இன்னும் நல்லாவே தெரியும்.

காதோரம்_மார்த்தாண்டம்

பஞ்சு வேண்டாம். சில டெசிபல்தான் குறைக்கும், அதுவும் மேல்சுரத்துல மட்டும்.

ஃபோம் ஏன் கூர்மையைத் தின்னுதுன்னா, அடைக்காத காதுக்குழாய் 2700 ஹெர்ட்ஸ் பக்கத்துல தானாவே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். அடைச்சதும் அது போயிரும். போதாததுக்கு ஃபோம் மேல்சுரத்தைக் கீழ்ச்சுரத்தைவிட அதிகமா வெட்டும். நகம், கோல்பே எல்லாம் இருக்கிறது அந்த இடத்துலதான். இசைக்காரங்க அடைப்பான் இந்த ரெண்டையும் சரிக்கட்டும். 1988-ல வந்த எடிமோட்டிக் கம்பெனியோட இஆர்-15 வடிகட்டி, அச்சுல (நம்ம காது அளவுக்கு வார்த்து எடுக்கிற அடைப்பான்) உள்ள காற்றையும் தன் சவ்வையும் சேர்த்து அதே 2700-ல ஒரு அதிர்வை உண்டாக்கி, போனதைத் திருப்பிக் கொடுக்குது. அதனால எல்லாச் சுரமும் ஒரே அளவுல குறையும்.

அந்த வரிசையில 9, 15, 25 டெசிபல் குறைக்கிறதுன்னு மூணு வடிகட்டி உண்டு. எல்லாரும் 15-க்கு ஓடுவாங்க. உங்களுக்கு 9 போதும்: 95-ல 9 போனா 86, ஒன்றரை மணி நேரத்துக்கு 24 சதவீதம். தேவைக்கு மேல அடைச்சா வேற வம்பு. தன் சத்தம் கேக்காம வலதுகை தானா ஓங்கும், முன்கை இறுகும், நகம் உடையும். சோதிக்கிறது சுலபம். ஒரே ஃபால்செட்டாவை (கிட்டார் தனியா வாசிக்கிற சின்ன மெட்டு) அடைப்பான் இல்லாம ஒரு தடவை, போட்டு ஒரு தடவை வாசிச்சு ஆப்பைப் பாருங்க. போட்டப்ப 3 டெசிபல் கூடியிருந்தா ஓங்கி அடிக்கிறீங்க. ரெண்டு வாரம் மெதுவான சாதகத்துல போட்டுப் பழகிட்டுக் கூட்டு வாசிப்புக்குப் போங்க.

அச்சு வந்து சேரும் வரைக்கும் ஃபோம்தான் கதின்னா, வலதுகை நகத்தால அதை உருட்டாதீங்க. மடிப்பு விழுந்து அந்த வழியாச் சத்தம் ஒழுகும், காதுக்குழாயும் கீறும். நகம் வெட்டின இடதுகையால இறுக்கி உருட்டி, ரெண்டு காதுக்கும் இடதுகையாலேயே செருகுங்க. வலதுகையைத் தலைக்கு மேல கொண்டு வந்து காதுமடலை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சா குழாய் நேராகும். 30 விநாடி விரலை எடுக்கக் கூடாது. அப்புறம் ரெண்டு உள்ளங்கையாலும் காதை மூடிப் பாருங்க. சத்தம் இன்னும் குறைஞ்சா சரியா உக்காரல.

கஹோன்_பிள்ளை

சின்ன யோசனை: கஹோன் பக்கத்துக் காதுல மட்டும் போட்டா மத்தக் காதுல கிட்டார் தெளிவாக் கேக்கும்.

டெசிபல்_தக்கலை

தம்பி, திறந்த வெளின்னா ஓரளவு சரி. அந்த ரூம்ல சுவர் ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரிதான் கொடுக்கும். திறந்த காது முழு 95-ஐயும் வாங்கும். இடையில கழற்றி மாட்டுறதும் அப்படித்தான். 90 நிமிஷத்துல 10 நிமிஷம் கழற்றினா அந்தப் பத்து நிமிஷம் மட்டும் 21 சதவீதம், போட்டிருந்த 80 நிமிஷத்துக்குச் சமம். பேசணும்னா வாசிப்பை நிறுத்திட்டுக் கழற்றுங்க.

பால்மாஸ் தட்டுறவங்க பயிற்சி நேரத்துல உள்ளங்கையைக் குழிச்சுத் தட்டுற சோர்தாஸ் போதும். விரலால உள்ளங்கையில அடிக்கிற கிளாராஸை மேடைக்கு வச்சுக்கிடுங்க. அவங்க உங்க தோளை ஒட்டி உக்காராம எதிர்ச் சுவர்ப் பக்கம் போகணும், கஹோன் துளை தும்புப் பலகையைப் பாக்கணும்.

ஆறுகம்பி_நாகர்கோவில்

நன்றிண்ணே. தும்புப் பலகைக்கு ஆள் பாத்தாச்சு. காது அச்சும் செவித்திறன் சோதனையும் எங்க? சோதனையில என்ன கேக்கணும்?

காதோரம்_மார்த்தாண்டம்

சோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். எல்லை தாண்டினா திருவனந்தபுரம் ஆக்குளத்துல நிஷ் (பேச்சு, செவித்திறனுக்கான நிறுவனம்). அச்சு எடுக்கிறவங்களா, இசைக்கார வடிகட்டி போடுவாங்களான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. வெறும் நீச்சல் அடைப்பான் செய்து கையில கொடுத்துரக் கூடாது. அச்சு எடுக்கும்போது வாய் திறந்த நிலையிலயும் எடுக்கச் சொல்லுங்க. ஹலேயோ (வாசிக்கிறவரை உற்சாகப்படுத்துற கூவல்) கத்தும்போது தாடை அசைஞ்சா சாதா அச்சு விலகி ஒழுகும்.

சோதனைக்கு முன்ன 16 மணி நேரம் காதுக்கு ஓய்வு வேணும். கூட்டு வாசிப்புக்கு மறுநாள் காலையில போனா களைப்பும் சேர்ந்து பதிவாகும். சனிக்கிழமை காலையில போங்க, முந்தின நாள் சாதகத்தை மத்தியானத்தோட முடிச்சுக்கிடுங்க. வழக்கமான சோதனையில 4000 ஹெர்ட்ஸுக்கு அடுத்து 8000-க்குத் தாவிருவாங்க. 3000, 6000 ரெண்டையும் கேட்டு வாங்குங்க, ஒலிச்சேதம் முதல்ல பள்ளம் தோண்டுறது 3000-க்கும் 6000-க்கும் நடுவுலதான். அந்தத் தாளைப் பத்திரமா வச்சு வருஷா வருஷம் ஒப்பிடணும்.

என்னைக்காவது தூங்கி எழும்பும்போது ஒரு காது திடீர்னு மந்தமா இருந்தா, அழுக்குதான்னு எண்ணெய் ஊத்திட்டு இருக்காதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினாத்தான் பலன், ரெண்டு வாரம் போச்சுன்னா வாய்ப்பு குறைஞ்சிரும்.

தும்புப்பாய்_குளச்சல்

தும்புப் பலகையை ஜூன் மழைக்கு முன்ன கட்டுங்க, ஈரத்தோட கட்டினா பூஞ்சை பிடிச்சு ரூமே நாறும். காதுக்கும் அதே கதைதான். சொத்தவிளையில குளிச்சுட்டு வந்து ஈரக் காதுல அடைப்பான் மாட்டினா பூஞ்சை வரும். நல்லாக் காஞ்ச பிறகு போடுங்க. சிலிக்கோன் அச்சை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவலாம், ஆனா வடிகட்டியைக் கழற்றி வச்சுட்டு. அது நனைஞ்சா சவ்வு கெட்டுரும்.