1870க்கு முன்னால் பெயரே கிடைக்கவில்லை: அமெரிக்காவில் மூதாதையரைத் தேடியவர்கள் எழுதுங்கள்

வர்ஜீனியா மருமகள்
என் மாமியார் கறுப்பினத்தவர். அவர் குடும்பத்தை 1870 சென்சஸ் வரை, அதாவது அடிமைத்தனம் ஒழிந்த பின் எடுத்த முதல் சென்சஸ் வரை பிடித்துவிட்டோம். அதற்கு மேல் என்ன ஆகும் என்று தேடியவர்களுக்குத் தெரியும். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். கடைசியில் முதலாளி குடும்பத்தின் வழியாகப் போனோம். அந்த ஆள் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் இருந்தது. ஒரு குதிரை, அடுத்து ஒரு இறகு மெத்தை, அதற்கடுத்த வரியில் மாமியாருடைய பாட்டியின் கொள்ளுப்பாட்டி. அப்போது சிறுமி. எதிரே விலை. மாமியார் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "குதிரைக்கு எவ்வளவு போட்டிருக்கிறான், முதலில் அதைப் படி" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. இன்னும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

லங்காஸ்டர்வாசி
என் மனைவி வழி ஜெர்மன்காரர்கள். 1727 முதல் பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எங்கள் ஆள் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு கிழித்திருக்கிறார். பேனா அழுந்தி மை பரவியிருக்கிறது. எங்கள் கதை அவ்வளவுதான்.

ஆனால் அக்கா, சொத்துப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். முதலாளியின் உயிலைப் பாருங்கள். எந்த மகளுக்கு யாரை எழுதிவைத்தான் என்று இருக்கும். மகள் கல்யாணமாகிப் போன கவுண்டியிலும் தேடணும். 1662 வர்ஜீனியா சட்டப்படி தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அதனால் தாய் வழியாகத்தான் போக முடியும். அப்புறம் ஃப்ரீட்மன்ஸ் பேங்க், விடுதலையான அடிமைகளுக்காக வைத்த வங்கி. 1865இல் தொடங்கி 1874இல் மூடியது. கணக்குத் தொடங்கியவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தவர் பெயர்களைக் கேட்டு எழுதியிருப்பார்கள், சில தாள்களில் பழைய முதலாளி பெயர்கூட உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் வர்ஜீனியா தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிய ஏடுகள், உள்நாட்டுப் போர் முடியும்போது அங்கே பற்றிய 1865 தீயில் போயின. உங்களுடையது அப்படி என்றால் பக்கத்துக் கவுண்டியைப் பிடியுங்கள். இணையத்தில் கிடைக்கும் வம்ச மரங்களை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பிள்ளை ஒன்றில் 1720இல் பிறக்கும், இன்னொன்றில் 1721இல். ஒன்று கண்டிப்பாகப் பொய்.

கனெக்டிகட் மாப்பிள்ளை
லங்காஸ்டர் அண்ணே, அவசரப்படாதீர்கள், இரண்டுமே மெய்யாக இருக்கலாம். 1752 வரை இங்கே ஆங்கிலேயர் கணக்கில் மார்ச் 25தான் புத்தாண்டு. என் மாமனார் தன் முன்னோரின் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து முகம் சுருங்கிப் போனார். கல்யாணம் ஏப்ரல் 1720, பிள்ளை பிறந்தது பிப்ரவரி 1720. பழைய கணக்கில் அந்த ஏப்ரலுக்குப் பிறகுதான் அந்தப் பிப்ரவரி வரும், பத்து மாதம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். அவருடைய அத்தை எழுதிவைத்த குடும்ப நோட்டில் அந்தப் பெண்ணின் பெயர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. ஒரு பாவமும் அறியாதவளைப் பற்றி அந்த வீட்டில் எவ்வளவு காலம் பேசியிருப்பார்கள்! அதுதான் எனக்கு ஆறவில்லை.

செசபீக் கரை
வேலையிடத்துத் தோழி ஒருத்தி, கறுப்பினத்தவள். "எங்கள் முன்னோரில் ஒருவர் இந்தியர், இந்த மண்ணின் பழங்குடி இல்லை, கப்பலில் வந்தவர்" என்று அவள் பாட்டி சொல்வாராம். சேர்ந்து தேடினோம். வர்ஜீனியாவில், கப்பல் செலவு கொடுத்துக் கொண்டுவந்த ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்த காலத்தில், 1635இல், ஜார்ஜ் மெனிஃபி என்பவர் காட்டிய ஆள் கணக்கில் 'டோனி, கிழக்கிந்தியன்', அதாவது இந்தியா பக்கத்திலிருந்து வந்தவர், என்று ஒருவர் இருக்கிறார். 1768இல் வர்ஜீனியா கெஜட் பத்திரிகையில், ஓடிப்போன தாமஸ் கிரீனிச் என்ற கிழக்கிந்தியரைப் பிடித்துத் தரச் சொல்லி விளம்பரம். நீண்ட கறுப்பு முடி, வெள்ளை வெளேரென்ற பல்வரிசை என்று அடையாளம் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் அவள் முன்னோர் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. ஆனால் பல்வரிசையைப் படித்ததும் அவள் என் முகத்தைப் பார்த்து, "உங்கள் ஊர்க்காரராக இருப்பாரோ?" என்று கேட்டாள். டோனியின் ஊர் எது, என்ன மொழி பேசினார், ஒரு சொல் எழுதிவைக்கவில்லையே.

வர்ஜீனியா மருமகள்
லங்காஸ்டர் அண்ணா, உயில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சிறுமியை மூத்த மகளுக்குத்தான் எழுதியிருக்கிறான். 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது மகள் போன கவுண்டி அதோடு போய்விட்டது. அதன் பழைய ஏடுகளை அந்தக் கவுண்டியிலேயே கேட்பதா, ரிச்மண்டில் கேட்பதா? மாமியாரும் கூட வருகிறேன் என்கிறார்.