பொருள்: ‘தொகுப்பி வழு’ வேண்டாம், ‘தனிப்போக்கு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளே தொகுப்பி (கம்பைலர்). தொகுப்பிக்குத் தொகுப்பி மாறும் நடத்தையைக் குறிக்கும் ‘கம்பைலர் குவிர்க்’ என்பதற்கு, நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா அவர்கள் முன்வைத்த ‘தொகுப்பி வழு’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. வழு என்றால் தொகுப்பி தவறு செய்துவிட்டது என்றே படிப்பவர் புரிந்துகொள்வார்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், உரையிலுள்ள ஒருங்குறிக் (யூனிகோடு) குறியீடுகளை எண்ணும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் எழுதினேன். ‘அம்மா’ என்று உள்ளிட்டால் 5 (அ, ம, புள்ளி, ம, துணைக்கால்) என்று சரியாகச் சொன்ன அதே நிரல், வீட்டு மேசைக்கணினியில் 15 என்றது. குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள்; ‘அ’வின் முதல் பைட்டு 224; கேரக்டர் (char) வகை மாறியைக் குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) எண்ணாகக் கொள்ளும், ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் செயலிக்கான லினக்ஸில் அது 224 ஆகவே நிற்க, குறியுள்ள எண்ணாகக் கொள்ளும் எக்ஸ்86 செயலி கொண்ட மேசைக்கணினியில் −32 ஆகிவிடுகிறது. ‘128-க்குக் கீழ் இருந்தால் ஒற்றைப் பைட்டு எழுத்து’ என்ற என் நிபந்தனைக்குள் பதினைந்து பைட்டுகளும் விழுந்தன.

இரண்டிடத்திலும் இருந்தது ஜிசிசி என்ற தொகுப்பிதான். எதுவும் விதியை மீறவில்லை. 1989-இல் வந்த சி மொழித் தரமே இந்தத் தேர்வைத் தொகுப்பியிடம் விட்டு, தேர்ந்ததை ஆவணத்தில் எழுதிவைக்குமாறு மட்டும் கேட்கிறது. ‘அவன் போக்கே தனி’ என்று நாம் சொல்வதில் குற்றச்சாட்டு இல்லை, எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும் என்பதால் ‘தனிப்போக்கு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘பிறழ்வு’ என்று சொன்னாலும் அது மீண்டும் குற்றத்துக்கே இட்டுச்செல்கிறது.

‘வொர்க்கரவுண்டு’ என்பதற்குச் ‘சுற்றுவழி’ பொருந்தும். தடை அங்கேயே இருக்க, நாம் சுற்றிப் போகிறோம். ஆனால் மாறியைக் குறியற்றது என்று வெளிப்படையாக அறிவிப்பது சுற்றுவழி ஆகாது, அது முதலிலேயே செய்திருக்க வேண்டிய முறையான எழுத்து. உரையைக் கொடுத்த அளவுக்குள் வடிவமைத்து எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் (snprintf) என்ற செயற்கூறு 1999 சி தரத்திலேயே இருந்தும், மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் 2015 பதிப்பில்தான் தரப்படி வந்தது. பழைய பதிப்புகளுக்கென நிரலில் தனிக் கிளை வைப்பதே உண்மையான சுற்றுவழி, அப்பதிப்புகளைக் கைவிடும் நாளில் அதையும் நீக்கிவிடலாம்.

பல வகைக் கணினிகளுக்கும் எளிதில் கொண்டுசெல்லத்தக்க ‘போர்ட்டபிள்’ நிரலைக் ‘கையடக்க நிரல்’ என்று எழுதுவதையும் தயவுசெய்து விடுவோம். சட்டைப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ‘பெயர்வுத்தகு நிரல்’ போதும்.

தரம் சொல்வதற்கு மாறாகத் தொகுப்பி நடந்தால் மட்டும் ‘வழு’ என்போம். ஐயா அவர்களுக்கு இதில் உடன்பாடா என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு நிரலர்