இன்டர்ஸ்டேட் 76: பள்ளத்தைத் தாண்டாத கார்

1997-இல் வெளிவந்த இன்டர்ஸ்டேட் 76 விளையாட்டின் கோல்டு பதிப்பை, விண்டோஸ் 10 (64 பிட்) இயங்கும் என் மேசைக்கணினியில் 3 வாரங்களுக்கு முன்பு நிறுவினேன். எண்ணெய்த் தட்டுப்பாடு தீராத 1976-இன் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனச் சாலைகளில், துப்பாக்கி பொருத்திய கார்களை ஓட்டிச் சண்டையிடும் இவ்விளையாட்டில், பள்ளம் ஒன்றைச் சரிவுமேடையில் ஏறிப் பாய்ந்து கடக்க வேண்டிய கட்டத்தில் சிக்கியிருக்கிறேன்.

முழு வேகத்தில் ஏறினாலும், சகோதரியின் காராக இருந்து நாயகன் குரூவின் கைக்கு வந்த பிரானா (Piranha) கார், எதிர்க்கரைக்கு ஒரு கார் நீளம் முன்னதாகவே மூக்குக் குத்தி விழுகிறது. பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. கூட்டாளி டாரஸிடம் கவிதை கேட்கும் பொத்தான் மட்டும் ஒரு குறையுமின்றி வேலை செய்கிறது!

விளையாட்டின் இயற்பியல் கணக்கு பிரேம் வேகத்தோடு (நொடிக்குத் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கையோடு) பிணைந்திருப்பதால், இன்றைய வேகமான கணினிகளில் கார் இப்படித் தடுமாறுகிறது என்று அறிவேன். எனவே விண்டோஸ் 95 இணக்க முறையில் இயக்கிப் பார்த்தேன். மையச் செயலியின் (CPU) ஒரே கருவை (core) மட்டும் விளையாட்டுக்கு ஒதுக்கினேன். பழைய கிளைடு (Glide) வரைகலை இடைமுகத்தை இன்றைய கணினியில் இயங்கவைக்கும் என்கிளைடு (nGlide) மென்பொருளை நிறுவினேன். படம் தெளிவானதே தவிர, பாய்ச்சல் மாறவில்லை. வரைகலை அட்டையின் அமைப்பில் 30 பிரேம் என வரம்பிட்டும், திரையில் எண்ணிக்கை 60-ஐ விட்டு இறங்கவே இல்லை.

என்கிளைடைக் கைவிடாமல், இவ்விளையாட்டை மட்டும் 20 பிரேமில் நிலையாக நிறுத்துவதற்கு எந்த மென்பொருளை, எந்த அமைப்பில் பயன்படுத்த வேண்டும்?