எட்டை ஆறாக்கிய கழுகு சென்ட்

மாதிரி நாணயம் (புழக்கத்துக்கு விடுமுன் காட்டிப் பார்க்க அடிப்பது) வாங்கி ஏமாந்த கதை என்னிடம் ஒன்று இருக்கிறது. பறக்கும் கழுகு போட்ட அமெரிக்க சென்ட், 1856. சேகரிக்க ஆரம்பித்த புதிதில் கனவிலும் வரும் காசு அது.

அதற்கு முந்தைய பெரிய சென்டைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: செம்பு, 10.89 கிராம், 27 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். நாலைந்து சேர்ந்தாலே சட்டைப்பை தொங்கிவிடும். செம்பு விலை ஏறியதும் அதை அடிப்பது கட்டுப்படியாகவில்லை. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1850இல் கொஞ்சம் வெள்ளி கலந்து, நடுவில் துளை போட்டுக்கூட ஒரு சென்ட் அடித்தார்கள். (1943இல் வந்த நம் ஓட்டைக் காலணாவுக்கு அண்ணன்!) அது எடுபடவில்லை. கடைசியில் நின்றது 88 பங்கு செம்பு, 12 பங்கு நிக்கல், 19 மில்லிமீட்டர், 4.67 கிராம். சட்டம் வருமுன்பே, 1856 என்று போட்டுச் சில நூறு அடித்து அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்களுக்குக் காட்டினார்கள். 1857 பிப்ரவரியில் சட்டம். மே 25 அன்று காசு மக்கள் கைக்கு வந்தது.

என் கதைக்கு வருகிறேன். வாங்கியதும் தராசில் வைத்தேன். எடை சரி. அகலம் சரி. அந்த வெளிறிய செம்பு நிறமும் சரி. அன்று ராத்திரி தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

பல வருஷமாகச் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். புழக்கத்துக்கு வந்த ஒரு 1858 கழுகு சென்டைப் பக்கத்தில் வைத்து லென்ஸை நீட்டினார்.

"கடைசி எண்ணை மட்டும் பாருங்க தம்பி."

ஆறின் மேல்வளைவுக்கு வலப்பக்கத்தில் மட்டும் சன்னமான கீறல்கள். எட்டின் மேல்வட்டத்தில் வலது ஓரத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்! மாதிரியின் உலோகத்தையும் அளவையும் மாற்றாமல் அப்படியே புழக்கத்துக்கு விட்டதால், தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. விற்றவரைத் தேடிப் போனேன். சரி, அதை விடுங்கள்.

—

மேலே எழுதியவருக்கு: என்னிடம் இருப்பது வெறும் 1858தான், ஆனால் கழுகின் வால் பாதி மொழுக்கை. தேய்மானம் என்று நினைத்து ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். நிக்கல் கலந்த உலோகம் கெட்டி. போதாததற்கு, தலையும் வாலும் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் பின்பக்கத்து மாலை தடிமனாக வருகிறது. உலோகம் இரண்டு பக்கமும் போய் நிரம்பாது. 1859இலேயே கழுகை எடுத்துவிட்டு 'இந்தியத் தலை' (அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுக் கிரீடம் வைத்த தலை) போட்டதற்கு அதுதான் காரணம். உங்கள் 'ஆறு'க்கு வால் எப்படி?